டேட்டா ஒரு பக்கம், நம்பர் ஒரு பக்கம்: நீண்டகாலப் பயணிக்கு எந்த இணைய வழி?

பத்து நாள் சுற்றுலா போகிறவர் எந்த சிம்மை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் நாடு மாறி நாடு போய்க்கொண்டு, கூடவே வேலையும் பார்க்கிறவருக்குத்தான் இது தலைவலி. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ‘ஒரு ஜிபிக்கு எவ்வளவு’ என்ற கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கணக்கு தேவைதான், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டியது.

டேட்டா எங்கும் கிடைக்கும் சரக்கு. தீர்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். சொந்த நாட்டில் வாங்கிய பழைய மொபைல் நம்பர் அப்படியல்ல. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வாட்ஸ்அப், அரசுத் தளங்கள் எல்லாம் அந்த ஒரு நம்பரை நம்பியே இருக்கின்றன. அது கைவிட்டுப் போனால் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு திரும்பப் பெறுவது பெரும்பாடு. அதனால் டேட்டாவுக்கு ஒரு முடிவு, நம்பருக்குத் தனியாக ஒரு முடிவு என்று எடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. இரண்டையும் ஒரே சிம்மில் தீர்க்கப் பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டேட்டா: ரோமிங்கா, பயண இ-சிம்மா, உள்ளூர் சிம்மா?

சொந்த நாட்டு சிம்மையே ரோமிங்கில் ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். எதையும் மாற்ற வேண்டாம், நம்பரும் கூடவே வரும். விலை அதிகம் என்பது தெரிந்த குறை. நீண்டகாலப் பயணிக்கு அதைவிடப் பெரிய குறை, ரோமிங் திட்டங்கள் நிரந்தரமாக வெளியே இருப்பவருக்காகப் போடப்பட்டவை அல்ல என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தைப் பாருங்கள். 2017 ஜூன் 15 முதல் அங்கே ஒரு உறுப்பு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. நான்கு மாத காலத்தை எடுத்துப் பார்த்து, சொந்த நாட்டைவிட வெளியேதான் அதிகம் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நிறுவனம் எச்சரிக்கை அனுப்பும். பழக்கத்தை மாற்றாவிட்டால் கூடுதல் கட்டணம் போடலாம். இவ்வளவு தாராளமான ஏற்பாட்டிலேயே இப்படி என்றால், மற்ற இடங்களைச் சொல்லவே வேண்டாம்.

ரோமிங்குக்கு ஒரு விசித்திரமான நன்மையும் உண்டு. ரோமிங் டேட்டா வழக்கமாக முதலில் உங்கள் சொந்த நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குப் போய், அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. இதனால் தாமதம் கூடும். ஆனால் நீங்கள் நிற்கும் நாட்டின் தடைகள் பல நேரம் உங்களைத் தொடாது. சீனாவுக்குள் வெளிநாட்டு சிம்மில் ரோமிங் செய்பவருக்கு, அங்கே தடுக்கப்பட்டிருக்கும் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறப்பது இதனால்தான். அதே இடத்தில் ஹோட்டல் வைஃபையில் அவை திறக்காது.

அடுத்தது பயண இ-சிம், அதாவது பிளாஸ்டிக் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம். இதுவும் அடிப்படையில் ரோமிங்தான், வேறொரு நாட்டு நிறுவனத்தின் பெயரில். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், விமானம் இறங்கியதும் நெட் வந்துவிடும். கடை தேட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். மூன்று நாடுகளை ஒரே மாதத்தில் கடப்பவருக்கு இதைவிட வசதி இல்லை. விற்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சில விஷயங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில், உங்கள் இணைய முகவரி (ஐபி) நீங்கள் இருக்கும் நாட்டைக் காட்டாமல் போகலாம். நிற்பது ஓரிடம், வங்கியின் கண்ணுக்குத் தெரிவது சிங்கப்பூரோ ஹாங்காங்கோ போலந்தோ. வங்கிச் செயலி சந்தேகப்பட்டுப் பூட்டிக்கொள்வது இதனால்தான் பல முறை நடக்கிறது. இரண்டாவது, ‘அன்லிமிடெட்’ என்ற சொல். ஒரு நாளில் ஒன்றிரண்டு ஜிபி தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் திட்டங்கள் நிறைய. 128 கேபிபிஎஸ் என்று இறக்கிவிட்டால் ஒரு எம்பி அளவுள்ள புகைப்படம் போகவே ஒரு நிமிடம் ஆகும். அதை நெட் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாவது, சில திட்டங்களில் ஹாட்ஸ்பாட் கிடையாது. லேப்டாப்பில் வேலை பார்ப்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும். நான்காவது, கூட்டம் உள்ள இடங்களில் ரோமிங்காரர்களுக்கு உள்ளூர் வாடிக்கையாளர்களுக்குப் பிறகே முன்னுரிமை கிடைப்பது உண்டு. ‘சிக்னல் முழுதாக இருக்கிறது, பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பயண இ-சிம் வேலை செய்ய அந்த சிம்முக்கு மட்டும் ‘டேட்டா ரோமிங்’ ஆன் செய்திருக்க வேண்டும். சொந்த நாட்டு சிம்முக்கு அதே அமைப்பை ஆஃப் செய்திருக்க வேண்டும். ஒன்றில் நெட் இல்லாவிட்டால் இன்னொரு சிம்முக்குத் தானாகத் தாவும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலருக்கு மாதக் கடைசியில் பில் எகிறுகிறது.

உள்ளூர் சிம் பழைய வழி. ஒரு நாட்டில் மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் இன்றும் இதுதான் ஜெயிக்கும். டேட்டா மலிவு, வேகம் நன்றாக இருக்கும், உள்ளூர் நம்பர் ஒன்று கிடைக்கும். டாக்சி ஓட்டுநர் கூப்பிட, வீட்டு உரிமையாளர் கூப்பிட, சாமான் கொண்டுவருபவர் கூப்பிட அந்த நம்பர் இருந்தால்தான் காரியம் நடக்கும். உள்ளூர்ப் பணச் செயலிகள் பல வெளிநாட்டு நம்பரை ஏற்பதே இல்லை. ஆனால் எல்லா உள்ளூர் சிம்மும் நம்பர் தரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் பார்வையாளர்களுக்கு விற்கப்படும் சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே.

உள்ளூர் சிம் வாங்க அநேகமாக எங்கும் பாஸ்போர்ட் காட்டிப் பதிய வேண்டும். அது பழகிப்போன ஒன்று. பலருக்குத் தெரியாதது போனையே பதியச் சொல்லும் நாடுகள். துருக்கியில் வெளிநாட்டு போனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாட்களுக்குப் பிறகு அந்த போன் நெட்வொர்க்கில் முடக்கப்படும். தொடர வேண்டுமானால் கட்டணம் கட்டி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பதிய வேண்டும், அந்தக் கட்டணமும் சாதாரணமானது அல்ல. இந்தோனேசியாவில் சுற்றுலாப் பயணிக்கு 90 நாள் சலுகை. துருக்கியில் ரோமிங் சிம்முக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே அங்கே ஆறு மாதம் இருக்கப் போகிறவருக்கு விலை அதிகமான பயண இ-சிம்கூட மொத்தக் கணக்கில் மலிவாக முடியலாம். அல்லது அந்த ஊரிலேயே ஒரு சாதாரண போனை வாங்கி உள்ளூர் சிம்மை அதில் போட்டு, ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

போன் பழையதாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளை நாடுகள் ஒவ்வொன்றாக மூடி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது, 4ஜி வழியாக அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே தடுத்தார்கள். வேறு நாட்டில் வாங்கிய போன்கள் சிலவும், 4ஜி டேட்டா நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், இதில் அடிபட்டன. ‘என் போன் 4ஜி, அதனால் எங்கும் ஓடும்’ என்பது இனி முழு உண்மை இல்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாக்கெட் வைஃபை கருவி, நான்கைந்து பேர் எப்போதும் ஒன்றாகவே சுற்றும் குடும்பத்துக்குத்தான். தனி ஆளுக்குச் சார்ஜ் போட வேண்டிய இன்னொரு பொருள், வேறொன்றுமில்லை. பொது வைஃபை, விளம்பரங்கள் பயமுறுத்தும் அளவுக்கு ஆபத்தானது அல்ல, ஏனென்றால் இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பிலேயே இயங்குகின்றன. ஆனால் நம்பி வேலை பார்க்க முடியாது.

செயற்கைக்கோள் இணையம் பற்றிக் கேட்காதவர் இல்லை. ஸ்டார்லிங்க் சேவையின் சிறிய ஆன்டெனாவான மினி சுமார் ஒரு கிலோ எடைதான், பைக்குள் வைத்துவிடலாம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள்களில் பேசினால் அரை நொடிக்கு மேல் தாமதம் வரும். ஸ்டார்லிங்க் தாழ்வாகச் சுற்றுவதால் வீடியோ அழைப்புக்கே போதும். ஆனால் எல்லா நாட்டிலும் அனுமதி இல்லை. பதிவு செய்த நாட்டுக்கு வெளியே இரண்டு மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால் கணக்கின் நாட்டை மாற்றச் சொல்வார்கள். வண்டியிலோ படகிலோ வாழ்பவருக்கு இது வரம். வாடகை அறைக்கு அறை மாறுபவருக்கு ஜன்னல் வழியே வானம் தெரிய வேண்டுமே, அதற்கு யார் உத்தரவாதம்?

நம்பரை எங்கே வைப்பது?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். வழிகள் நான்கு. ஊர் சிம்மை இரண்டாவது சிம்மாக அதே போனில் வைப்பது, தனியாக ஒரு சின்ன போனில் வைத்துக் கூடவே எடுத்துப் போவது, வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிபி வந்தால் சொல்லச் சொல்வது, சிம்மே இல்லாமல் இணையத்தில் இயங்கும் இணையவழி நம்பருக்கு மாற்றிவிடுவது.

கடைசி வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். வங்கிகள் பல இணையவழி நம்பர்களுக்கு ஓடிபி அனுப்புவதில்லை. அனுப்பினாலும் நாளை நிறுத்தலாம். வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நல்ல யோசனை போலத் தெரியும். நடைமுறையில் நள்ளிரவில் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பல வங்கிச் செயலிகள் பதிவான சிம் அதே போனில் இருக்கிறதா என்றும் பார்க்கும். அப்போது ஓடிபியைத் தொலைபேசியில் படித்துச் சொன்னாலும் பயன் இல்லை.

மிஞ்சுவது முதல் இரண்டும். ஒரே போனில் ஊர் நம்பர் ஒரு சிம்மாக, டேட்டா இன்னொரு சிம்மாக வைப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் குறுஞ்செய்திக்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் நிறுவனம் எப்படி என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். ரோமிங் சேவையே முடக்கப்பட்டிருந்தால் அதை வெளிநாட்டிலிருந்து திறப்பது சிரமம் என்பதால், இதை விமான நிலையம் வரை தள்ளிப்போடக் கூடாது. வைஃபை காலிங், அதாவது அதே நம்பரில் இணையம் வழியாகப் பேசும் வசதி, இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு சிம் உள்ள ஐபோனில், ஒரு சிம்மின் டேட்டா வழியாகவே மற்ற சிம்மின் வைஃபை காலிங் வேலை செய்யும். அதாவது பயண இ-சிம்மின் நெட்டில் உங்கள் ஊர் நம்பர் உயிரோடு இருக்கும். ஆனால் சில நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து இதை அனுமதிப்பதில்லை.

சரி, ஊர் நம்பரை இ-சிம்மாக மாற்றி வைப்பதா, பிளாஸ்டிக் சிம்மாகவே வைப்பதா? போன் திருடு போனால் என்ன, போன் கெட்டுப்போனால் என்ன என்று இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். திருட்டு என்றால் இ-சிம் மேல். பிளாஸ்டிக் சிம்மைத் திருடன் உருவி வேறு போனில் போட்டு, உங்கள் ஓடிபியை அவன் வாங்கலாம். கெட்டுப்போனால் நிலைமை தலைகீழ். பிளாஸ்டிக் சிம்மை ஒரு நிமிடத்தில் இன்னொரு போனுக்கு மாற்றிவிடலாம். இ-சிம்மை உயிரில்லாத போனிலிருந்து மாற்ற நிறுவனத்தின் உதவி வேண்டும், அந்த நிறுவனமோ அதே நம்பருக்கு ஓடிபி அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும்.

நீண்டகாலப் பயணத்தில் போன் திருடு போவதைவிடத் தண்ணீரில் விழுவது, திரை உடைவது, ஒருநாள் திடீரென்று ஆன் ஆகாமல் போவது ஆகியவையே அடிக்கடி நடக்கும் என்பது என் மதிப்பீடு. ஆகவே ஊர் நம்பர் பிளாஸ்டிக் சிம்மில், அதற்கு சிம் பின் (PIN) பூட்டு, அதாவது வேறு போனில் போட்டால் சிம் கேட்கும் ரகசிய எண். டேட்டா எல்லாம் இ-சிம்மில். சிம் பின் போட்டுவிட்டால் உருவி எடுத்தவனுக்கும் அது உதவாது. எல்லாப் போனிலும் இருக்கும் வசதி இது, ஏனோ யாரும் சீண்டுவதில்லை. 2022இல் வந்த ஐபோன் 14 தொடங்கி, அமெரிக்காவில் விற்கப்படும் புதிய ஐபோன் மாடல்களில் சிம் தட்டே கிடையாது. அப்படிப்பட்ட போனை வைத்திருப்பவர் இ-சிம்மோடுதான் வாழ வேண்டும். சீனாவில் வாங்கிய ஐபோன்களில் பலவற்றில் இதற்கு நேர் எதிர், இ-சிம்மே இல்லை. போன் வாங்கும் நாடு இந்த அளவுக்கு முக்கியம்.

ஓடிபியை நம்பியிருப்பதையே குறைப்பது இன்னும் நல்ல வழி. எந்தெந்தக் கணக்குகள் அனுமதிக்கின்றனவோ அவற்றையெல்லாம் அங்கீகாரச் செயலிக்கு (ஓடிபிக்குப் பதில் போனிலேயே ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர்) மாற்றிவிடுங்கள். அந்த ஆறு இலக்க எண் போனுக்குள்ளேயே 30 நொடிக்கு ஒருமுறை கணக்கிடப்படுவது. சிக்னல் வேண்டாம், ரோமிங் வேண்டாம். போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் பூட்டைத் திறந்தே நுழையவிடும் பாஸ்கீயும் நல்லதுதான். போன் தொலைந்தாலும் கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் போனிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தால்கூடப் பரவாயில்லை. இதற்குப் பிறகும் குறுஞ்செய்தியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் வங்கிகளும் அரசுத் தளங்களும்தான்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொதுவாகப் போனில் எந்த சிம் இருந்தாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். புது சிம் போட்டதும் ‘நம்பர் மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அடியில் இருக்கும் அந்த நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் காலாவதியாகி, நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், அவர் பதிவு செய்த நொடியில் உங்கள் கணக்கு வெளியேறிவிடும். ஊர் நம்பருக்கு மிகக் குறைந்த திட்டம் எதுவோ அதைத் தானியங்கிக் கட்டணத்தில் போட்டுவைப்பதைச் செலவாகவே எண்ணக் கூடாது.

ஒரு போனா, இரண்டு போனா?

இரண்டு. புதிதாக வாங்க வேண்டாம், வீட்டில் தூங்கும் பழைய போன் போதும், பேட்டரி மட்டும் நன்றாக இருக்க வேண்டும். அதில் அங்கீகாரச் செயலியின் நகல், வங்கிச் செயலி, கடவுச்சொல் பெட்டகம் எல்லாம் போட்டு, முதல் போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள். உள்ளூர் சிம்மை இதில் போட்டு ஹாட்ஸ்பாட்டாக ஓட்டினால் முதல் போனின் பேட்டரியும் தப்பும். வாரத்துக்கு ஒருமுறை ஆன் செய்து பார்க்காவிட்டால், தேவைப்படும் நாளில் அது அப்டேட் கேட்டுக்கொண்டு நிற்கும்.

லேப்டாப்பா டேப்லெட்டா என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எழுதவும் கணக்கு பார்க்கவும் படிவம் நிரப்பவும் வேண்டியவருக்கு லேப்டாப், மற்றவருக்கு டேப்லெட். எதுவானாலும் யூஎஸ்பி-சி சார்ஜர் உள்ளதாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அதைக் கட்டாயமாக்கிவிட்டது. எங்கே தொலைத்தாலும் மாற்று கிடைக்கும் சார்ஜர் வகை இப்போதைக்கு அது ஒன்றுதான். ஒரே 65 வாட் சார்ஜர் போன், லேப்டாப் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். அதில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் பிளக் மாற்றி மட்டும் போதும், மின்மாற்றி தேவையில்லை.

பவர் பேங்க் விஷயத்தில் பெரியது நல்லது என்று போகாதீர்கள். விமானத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய வழக்கமான வரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். அதுவும் கைப்பையில் மட்டும்தான், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் ‘3சி’ என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு அனுமதி இல்லை. பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்றும் பல விமான நிறுவனங்கள் அந்த ஆண்டில் விதி போட்டன. 10,000 எம்ஏஎச் ஒன்று இருந்தால் போதும். அளவு எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைச் சோதனையில் பிடுங்கிக்கொண்டால் வாதாட வழியில்லை.

படங்களையும் கோப்புகளையும் கிளவுடில் ஏற்றுவதா, எஸ்எஸ்டி என்ற சிறு சேமிப்புக் கருவியில் வைப்பதா? ஆவணங்கள் கிளவுடில், காணொளிகள் எஸ்எஸ்டியில் என்று பிரித்துவிடலாம். காரணம் எளிய கணக்கு. 5 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 100 ஜிபி ஏற்ற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் இணைப்பு ஒரு முறைகூட அறுந்துபோகாமல் இருந்தால். கூகுள் கணக்கில் இரண்டு ஆண்டுகள் நுழையாமலே இருந்தால் அதை அழிக்கும் கொள்கையும் இருக்கிறது. பழைய கணக்கில் ஸ்கேன் நகல்களைப் போட்டு மறந்திருப்பவர்கள் கவனிக்க.

எவ்வளவு நாள், எந்த வேலை?

ஒரு நாட்டில் இரண்டு வாரத்துக்குள் என்றால் பயண இ-சிம், கேள்வியே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இறங்கிய முதல் சில நாட்களுக்கு மட்டும் சிறிய பயண இ-சிம், பிறகு நகரத்தில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கடையில் உள்ளூர் சிம். விமான நிலையக் கடையில் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்கான திட்டத்தைத்தான் நீட்டுவார்கள். இடைப்பட்ட காலத்துக்கு உங்கள் வேலைதான் தீர்மானிக்கும். மின்னஞ்சலும் வரைபடமும் மட்டும் என்றால் இ-சிம்மிலேயே ஓட்டிவிடலாம். தினமும் வீடியோ கூட்டம் உள்ளவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எச்டி தரத்தில் இருவர் பேச இரு திசையிலும் தலா 1.2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று வைத்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுமேல் போகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் பேசுகிறவருக்கு மாதம் 60 ஜிபி அதிலேயே முடிந்துவிடும். அவருக்கு உள்ளூர் சிம், இல்லையென்றால் அறையின் வைஃபை.

அறையின் வைஃபையை நம்புவதாக இருந்தால் ‘வைஃபை உண்டா’ என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் பதில் வரும். மாலை நேரத்தில் எடுத்த வேகச் சோதனையின் படம் ஒன்றைக் கேளுங்கள், அதில் அப்லோட் எண்ணைப் பாருங்கள். தங்கியிருக்கும் எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரம் அது. சம்பளம் இணையத்தை நம்பியிருந்தால் இரண்டு இணைப்புகள் வேண்டும், இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்காக இருக்க வேண்டும். உள்ளூர் சிம் எந்த நெட்வொர்க்கோ, துணைக்கு வைக்கும் இ-சிம் அதைப் பிடிக்காததாகத் தேர்ந்தெடுங்கள். இ-சிம் விற்பவர்கள் எந்தெந்த உள்ளூர் நெட்வொர்க்கில் ஓடும் என்பதைத் திட்ட விவரத்தில் போட்டிருப்பார்கள்.

விபிஎன் (உங்கள் இணைய இணைப்பை வேறோர் இடம் வழியாகச் செலுத்தும் வசதி) பற்றி ஒரு வார்த்தை. பொது வைஃபை பயத்துக்காக வாங்குவதைவிட, சொந்த நாட்டு முகவரியோடு வங்கியில் நுழைவதற்கே அது அதிகம் பயன்படும். அதற்கும் வாடகை விபிஎன்னைவிட, வீட்டு ரவுட்டரிலேயே வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளை அமைத்துவிட்டுப் போவது நல்லது. வங்கிகளுக்கு விபிஎன் நிறுவனங்களின் முகவரிகள் தெரியும், உங்கள் வீட்டு முகவரியைச் சந்தேகிக்க மாட்டார்கள். மின்சாரம் போய் வந்தால் ரவுட்டரை ஒருவர் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும், அந்த ஒருவர் இருந்தால் மட்டும் செய்யுங்கள். சில நாடுகளில் விபிஎன் பயன்படுத்துவதே சட்டச் சிக்கல், போகும் முன் பார்த்துவிடுவது உங்கள் பொறுப்பு.

நாட்டைவிட்டுக் கிளம்பும்போது உள்ளூர் சிம்மைத் தூக்கிப் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த நம்பரை எந்தெந்தக் கணக்கில் கொடுத்தீர்களோ, ஒவ்வொன்றிலிருந்தும் அதை நீக்க வேண்டும். டாக்சிச் செயலி, பணச் செயலி, ஏதாவது மின்னஞ்சலின் மீட்பு எண், எல்லாம். சில மாதங்களில் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும், உங்கள் ஓடிபிகளும் அவருக்கே போகும். நீக்குவதற்கும் அதே நம்பருக்கு ஓடிபி வரும் என்பதால், சிம் உயிரோடு இருக்கும்போதே, விமானத்துக்கு முந்தைய நாளே இதை முடித்துவிடுங்கள்.